செம்பு வேர்த்த கதை

உள்ள வாங்கம்மா, வெயில்ல நிக்காதீங்க. அந்த ஸ்டூலை இழுத்துப் போட்டு பேனுக்கு அடியில உக்காருங்க. பிஞ்ச் பிளையர்தான வேணும்? வீட்டுக்காரரு எந்த டைப்புன்னு சொல்லி விட்டாரா, இல்ல போயி ஒண்ணு வாங்கிட்டு வான்னு மட்டும் சொன்னாரா? சிரிக்காதீங்க. இங்க வர்ற ஆம்பளைகளே பாதிப்பேரு அப்படித்தான் வந்து நிக்கிறாய்ங்க. பிரிட்ஜுக்கு கேஸ் போடத் தெரியும். போட்ட கேஸ் வெளிய ஓடிப்போகாம அந்தச் செம்பு டியூப்பை நெரிச்சுப் பிடிக்கணும்ல, அதுக்கு எந்தப் பிடி நல்ல பிடின்னு கேட்டா திருதிருன்னு முழிப்பாய்ங்க. நீங்க கவலைய விடுங்க. சரியான எடத்துக்குத்தான் வந்திருக்கீங்க. இந்த வீதியில யார்ட்ட வேணா கேளுங்க, பிரிட்ஜ் சாமானுக்கு சோணைமுத்து சொன்னா சொன்னதுதாம்பாய்ங்க.

இந்தா பாருங்க, ரெண்டு வகை எடுத்து வச்சிருக்கேன். இது லாக் பிளையர். கைப்பிடியை அமுக்குனா டக்குன்னு பூட்டிக்கும், கையை எடுத்தாலும் டியூப்பை விடாது. இது திருகு. மேல இருக்கிற கம்பியைச் சுத்தச் சுத்த, தாடை மெல்ல எறங்கி டியூப்பைத் தட்டையாக்கும். நேரமாகும். ஆனா எறங்குனா எறங்குனதுதான். ரெண்டுல எதுன்னு கேட்டா, நான் கண்ணை மூடிக்கிட்டுச் சொல்வேன், திருகுதான்னு.

எதுக்கும்மா தாடையில நகத்தை வச்சு உரசிப் பாக்குறீங்க? அது வெள்ளி இல்ல, இரும்புதான். ஓ, கூரா இருக்கான்னு பாக்குறீங்களா? வீட்டுக்காரரு பாத்து வாங்கச் சொன்னாராக்கும். நல்ல விவரமான ஆளு. தாடை மழுங்கலா உருண்டையா இருக்கணும், கூரா இருந்தா செம்பை வெட்டிப்புடும். அட, பையில டியூப்புத் துண்டு வேற குடுத்து விட்டிருக்காரா? போட்டுப் பாருங்க, பாருங்க. பாத்து, வெரலை நசுக்கிக்காதீங்க. ஏற்கெனவே கையில சுட்ட தழும்பா இருக்கு. தோசைக்கல்லா? அடுப்படியில வேலை பாத்தா இப்படித்தான். எங்க வீட்டுலயும் இதே கூத்துத்தான்.

வீடுன்னு சொன்னதும் ஞாபகம் வருது. இந்தத் திருகு நல்லதுன்னு நான் சும்மா வாய்க்கு வந்ததைச் சொல்றேன்னு நெனைச்சிறாதீங்க. என் சொந்த வீட்டுல, என் சொந்த வீட்டுக்காரி பிரிட்ஜுல நிரூபிச்சுக் காட்டுனவன் நான். அவசரமா போகணுமா? கொஞ்சம் உக்காருங்க. இதைக் கேட்டுட்டு வாங்குனா தெளிவா வாங்குவீங்க.

எனக்கு ஒரு மச்சினன். தவசின்னு பேரு, என் வீட்டுக்காரி பஞ்சவர்ணத்துக்குக் கூடப் பெறந்த தம்பி. பிரிட்ஜ் மெக்கானிக்கு. நல்ல வேலைக்காரந்தான், இல்லைங்கல. ஆனா தலைக்கனம். சாமானெல்லாம் என்கிட்டத்தான் வாங்குவான், வாங்கிட்டு என்னையே நக்கல் பண்ணுவான். "மச்சான், நீங்க கல்லாவுல உக்காந்து விக்கிறவரு. ஒரு நாளாவது பிரிட்ஜுக்குப் பின்னாடி குனிஞ்சிருக்கீங்களா? அந்தச் சந்துல திருகைச் சுத்துறதுக்குக் கை போகுமா?" அப்படிம்பான். நான் குனிஞ்சதில்லைதாம்மா. எதுக்குக் குனியணும்? கையில கரி படாம இருந்தாத்தான் மூளை தெளிவா இருக்கும். அவன் லாக் பிளையர் கட்சி. நான் திருகு கட்சி. ஒரு நாளு கிழமை, ஒரு கல்யாண வீடு, காதுகுத்து வீடு பாக்கி இல்ல. பந்தியில உக்காந்துகூட இதே பேச்சுத்தான். ஒரு எடத்துல சாம்பார் வாளிக்காரன் "நீங்க ரெண்டு பேரும் பேசி முடிங்க, நான் அடுத்த பந்திக்கு வர்றேன்"னு போயிட்டான்.

இப்ப பஞ்சவர்ணத்தைப் பத்திச் சொல்லணும். அவ இட்லி மாவு அரைச்சு விக்கிறா. சின்னதாத்தான் ஆரம்பிச்சா, தெருவுல நாலு வீடு கேட்டாங்கன்னு. இப்ப ரெண்டு பிரிட்ஜ் போட்டு நடத்துறா. ஒண்ணு அடுப்படியில, இன்னொண்ணு மாடிப்படிக்கு அடியில. ரெண்டும் அவ சம்பாதிச்சு வாங்குனது. அதை நான் பெருமையாத்தான் சொல்றேன். போன சித்திரைத் திருவிழாவுக்கு ஆத்தோரத்துல மெஸ் வச்சிருக்கிற ஒருத்தரு அவகிட்ட மாவு கேட்டாரு. அழகர் ஆத்துல எறங்குற அன்னைக்கு எம்புட்டு சனம் வரும், உங்களுக்கே தெரியும். அன்னைக்கு நல்ல மாவு குடுத்துட்டா, வருசம் பூராவும் அவருக்கு இவதான் மாவு. புளிச்ச மாவைக் குடுத்தா அத்தோட சரி. அவரு அப்படி ஆளு. ஏற்கெனவே ஒருத்தன் மாவை வாசல்லயே கீழ ஊத்துனவரு. அதனால திருவிழா கிட்ட வர வர பஞ்சவர்ணத்துக்கு ராத்தூக்கம் இல்ல. பிரிட்ஜைத் தொறந்து தொறந்து உள்ள கைய விட்டுப் பாத்துக்கிட்டே இருந்தா. பொம்பளைகளுக்கு எதுக்கெடுத்தாலும் பதட்டம்தான்.

அந்த நேரம் பாத்து அடுப்படி பிரிட்ஜுல கூலிங் கொறைஞ்சிருச்சு. தவசி வந்தான். கேஸ் எறங்கியிருக்குன்னான், ஓட்டையைக் கண்டுபிடிச்சு அடைச்சான், புதுசா கேஸ் போட்டான். கடைசில டியூப்பை நெரிக்கணும். பையில இருந்து லாக் பிளையரை எடுத்தான். எனக்கு வந்துச்சே கோவம். என் வீட்டு பிரிட்ஜுலயே அந்தக் கழுதைய மாட்டுவியாடான்னு கேட்டேன். அவன் சிரிச்சான். பேச்சு வளந்துச்சு. வளந்து வளந்து கடைசில போட்டியில வந்து நின்னுச்சு.

போட்டி என்னன்னா, ஒரு பிரிட்ஜுல அவன் பிளையரை வச்சு நெரிக்கணும். இன்னொண்ணுல என் திருகை வச்சு நெரிக்கணும். எதுல கேஸ் நிக்குதோ அவன் ஜெயிச்சான். தோத்தவன் அழகருக்கு மொட்டை போடணும்.

என்ன கேட்டீங்க? இன்னொரு பிரிட்ஜ் நல்லா ஓடிக்கிட்டு இருந்துச்சான்னா? ஓடிக்கிட்டுத்தான் இருந்துச்சு. அதுக்காக? போட்டின்னா ரெண்டு வேணும்ல. அதையும் வெட்டி, இருந்த கேஸை எறக்கி, புதுக் கேஸ் ஏத்துனோம். சர்வீஸ் பண்ணுன மாதிரியும் ஆச்சு.

இதுல ஒரு சிக்கல். வழக்கமா நெரிச்சதோட விடமாட்டாய்ங்க. பிடியை எடுக்காம அப்படியே வச்சுக்கிட்டு, மேல இருக்கிற டியூப்பை வெட்டி, நெருப்பு காட்டி, ராடை உருக்கி அந்த வாயை அடைச்சிருவாய்ங்க. பிரேசிங்கும்பாய்ங்க. உங்க வீட்டுக்காரரும் பண்ணுவாரே, பாத்திருப்பீங்க. நான்தான் தவசிகிட்ட சொன்னேன், நெருப்பு வச்சு அடைச்சுப்புட்டா அப்புறம் பிடி ஜெயிச்சுச்சா ராடு ஜெயிச்சுச்சான்னு எப்படிடா தெரியும்னு. நியாயம்தான? அவன் தலையைச் சொறிஞ்சான். "மச்சான், அடைக்காம விடுறது தப்பு. பிடிய எடுத்ததும் செம்பு கொஞ்சம் விரியும்"னான். "அப்ப உன் பிளையர் மேல உனக்கே நம்பிக்கை இல்ல"ன்னேன். அவ்வளவுதான். மொகம் செவந்துபோச்சு. "வைங்க மச்சான் பாப்போம்"னுட்டான். அவனுக்கு எங்க தட்டுனா எங்க வலிக்கும்னு எனக்குத் தெரியும்.

பஞ்சவர்ணம் அடுப்படியில நின்னு எல்லாத்தையும் கேட்டுக்கிட்டு இருந்தா. கையில மாவுக் கரண்டி. "உங்க ரெண்டு பேரு தலைமுடியவிட எம் மாவு பெருசு. ஒழுங்கா நெருப்பு வச்சு அடைச்சுக் குடுங்க"ன்னா. நான் சொன்னேன், ஏய், இது வெறும் பிரிட்ஜ் இல்ல, தொழில் விசயம், நீ தலையிடாதன்னு. அவ தம்பியைப் பாத்தா. அவன் மோட்டுவளையைப் பாத்தான். கரண்டியை ணங்குன்னு சட்டியில போட்டுட்டு உள்ள போயிட்டா. அன்னைக்கு எனக்குத் தட்டுல ஒரு தோசைதான் விழுந்துச்சு. அதைப் பத்தி நான் பேசல.

நெரிச்சோம். மாடிப்படி பிரிட்ஜுல அவன் லாக் பிளையரை வச்சு டக்குன்னு பூட்டுனான். அடுப்படி பிரிட்ஜுல என் திருகு. சுத்துனவன் அவன்தான், எனக்குக் குனிஞ்சா இடுப்புப் பிடிச்சுக்கும். ஆனா எத்தனை சுத்துன்னு நான்தான் மேல நின்னு சொன்னேன். ரெண்டுலயும் பிடியை எடுத்துட்டு சோப்புத் தண்ணி வச்சுப் பாத்தோம். குமிழி வரல. சுத்தமா நின்னுச்சு ரெண்டும். பாத்தியாடான்னேன். அவனும் பாத்தீங்களா மச்சான்னான்.

அப்புறம் ஒரு நாலஞ்சு நாளு. மத்தியானம் பஞ்சவர்ணம் அசந்து தூங்குவால்ல, அப்ப நான் கடையைச் சாத்திட்டு வீட்டுக்குப் போயி, மாடிப்படி பிரிட்ஜுக்குப் பின்னாடி கைய விட்டு தவசியோட நெரிப்பை ஒரு தட்டு தட்டிப் பாப்பேன். தப்பில்லம்மா. உறுதியா இருக்கான்னு பாக்க வேணாமா? சும்மா ஸ்பேனரை வச்சு லேசா. ஆனா அந்தப் பய செஞ்சதைக் கேளுங்க. ஒரு நாளு நான் வீட்டுக்குள்ள நுழையிறேன், அடுப்படி பிரிட்ஜுக்குப் பின்னாடி ரெண்டு காலு நீட்டிக்கிட்டுக் கெடக்கு. இழுத்துப் பாத்தா தவசி. என்னடா பண்றன்னா, "எலி ஓடுச்சு மச்சான்"ங்குறான். கையில ஸ்பேனரை வச்சுக்கிட்டு எலி பிடிக்கிறானாம். இப்படியும் ஒருத்தன் கள்ளத்தனம் பண்ணுவானா சொல்லுங்க. பெருந்தன்மையா விட்டுட்டேன்.

என்னம்மா இருமுறீங்க? அந்தக் கூஜாவுல தண்ணி இருக்கு, குடிங்க.

எதிர்சேவை அன்னைக்கு நானும் தவசியும் காலையிலயே கெளம்பிட்டோம். அழகரை வரவேற்கப் போகாம வீட்டுல இருக்க முடியுமா? பஞ்சவர்ணம் வரல. மாவெல்லாம் அரைச்சு ரெண்டு பிரிட்ஜுலயும் அடைச்சு வச்சிருந்தா, மறுநா விடியிறதுக்குள்ள மெஸ்ஸுக்குப் போகணும். நாங்க கெளம்புறப்ப அடுப்படி பிரிட்ஜைத் தொறந்துபோட்டு அதுக்கு முன்னாடி தரையில உக்காந்திருந்தா. என்னடி உக்காந்திருக்கன்னேன். ஒண்ணுமில்ல, நீங்க போயிட்டு வாங்கன்னா. மொகம் ஒரு மாதிரியா இருந்துச்சு. சாமி பாக்க வர முடியலையேன்னு வருத்தம் போலன்னு நெனைச்சு, உனக்கும் சேத்து கும்பிட்டுட்டு வர்றேன்னு சொல்லிட்டுப் போனேன்.

சாயங்காலம் திரும்பி வந்தா வீடெல்லாம் தண்ணி. கழுவி விட்டேன்னா. வாசல்ல ஐஸ் கம்பெனி சாக்கு ஒண்ணு நனைஞ்சு கெடந்துச்சு. பக்கத்து வீட்டுல மோர்ப்பந்தல்னா. உள்ள என்னமோ தீஞ்ச வாடை. பால் பொங்கித் தீஞ்சிருச்சுன்னா. நான்தான் சொன்னேனே, அடுப்படியில அவளுக்குக் கவனம் பத்தாது. ஆனா அன்னைக்கு வையல. ஏன்னா பாய்ஞ்சுபோயி பிரிட்ஜைத் தொறந்தேன், உள்ள சிலுசிலுன்னு இருக்கு. ஓடிப்போயி மாடிப்படி பிரிட்ஜைத் தொறந்தேன். அதுவும் சிலுசிலுன்னு இருக்கு. எனக்கு ஒரு பக்கம் சந்தோசம், ஒரு பக்கம் எரிச்சல். அவனுதும் நின்னுருச்சேன்னு.

மறுநா மாவு மெஸ்ஸுக்குப் போச்சு. பூ மாதிரி இட்லின்னு மெஸ்காரரு ஆள் விட்டுச் சொன்னாரு. இன்னைக்கு வரைக்கும் அவருக்கு இவதான் மாவு. அன்னைக்கு மத்தியானம் பஞ்சவர்ணம் படுத்துத் தூங்குனா பாருங்க, அப்படி ஒரு தூக்கம். அழகர் வந்து எழுப்பியிருந்தாலும் எந்திரிச்சிருக்க மாட்டா.

இப்பத்தான் முக்கியமான விசயம் வருது. அவ தூங்கும்போது நானும் தவசியும் பிரிட்ஜை இழுத்துத் திருப்பி டார்ச் அடிச்சுப் பாத்தோம். என் திருகு நெரிச்ச டியூப்பு நுனியில, பாசிப்பயறு கணக்கா ஒரு துளி. பித்தளை நெறத்துல பளபளன்னு ஒட்டிக்கிட்டு நிக்குது. அதைச் சுத்தி லேசா கருப்பு. இது என்னடா அதிசயம்னு கேட்டேன். தவசி கிட்டப் போயி ரொம்ப நேரம் பாத்தான். அப்புறம் அக்கா தூங்குற பக்கம் பாத்தான். அப்புறம் சொன்னான், "மச்சான், நீங்க நெரிச்ச நெரிப்புல செம்புக்கே வேர்த்துப்போச்சு. அந்த வேர்வைதான் உறைஞ்சு வாயை அடைச்சிருக்கு." எனக்குப் புல்லரிச்சுப்போச்சும்மா. அவன் வாயாலயே ஒத்துக்கிட்டான் பாருங்க. அவனுதையும் பாத்தோம், அதுலயும் ஒரு துளி இருந்துச்சு. ஆனா என்னோடது பெருசு. சரி மச்சான், ரெண்டு பேரும் ஜெயிச்சதா வச்சுக்குவோம், மொட்டை வேணாம்னான். சின்னப்பய ஆசைப்படுறான்னு நானும் விட்டுக் குடுத்துட்டேன்.

அன்னையில இருந்து கடைக்கு வர்ற எல்லார்ட்டயும் சொல்லிக்கிட்டு இருக்கேன். திருகை வாங்குங்க, செம்பே வேர்க்கும்னு. மெக்கானிக்குக எல்லாம் வாயைப் பொத்திக்கிட்டுப் போறாய்ங்க, ஆச்சரியத்துல.

என்னம்மா, நீங்களும் வாயைப் பொத்துறீங்க. நம்பிக்கை இல்லையா? ஒண்ணு பண்ணுங்க. ஞாயித்துக்கிழமை வீட்டுக்காரரைக் கூட்டிக்கிட்டு நம்ம வீட்டுக்கு வாங்க. செல்லூர்தான். இழுத்துத் திருப்பியே காட்டுறேன். வந்து பிள்ளையார் கோயில்ட்ட நின்னுக்கிட்டு பஞ்சவர்ணம் வீடுன்னு கேட்டா…

தெரியுமா? எப்படித் தெரியும்?

மாவு வாங்குவீங்களா நம்ம வீட்டுல? அட, மொதல்லயே சொல்ல வேணாமா. அப்ப தண்ணி மட்டும் குடுத்து உக்கார வச்சிருக்க மாட்டேனே, காப்பி சொல்லியிருப்பேன். சரி, வீட்டுக்காரரு பேரு சொல்லுங்க, பில்லு போடுறேன். உங்க பேருக்கா? பிலோமி. சரி. பிலோமி. இந்தப் பேரை பஞ்சவர்ணம் எப்பவோ சொல்லிக் கேட்ட மாதிரி இருக்கு. திருகுதான போடணும்? ரெண்டும் வேணாமா. பிரேசிங் ராடா? ராடு எத்தனை வேணும்னு வீட்டுக்காரருக்கு ஒரு போன் பண்ணிக் கேட்டுருங்களேன்.

கேக்க வேணாமா.

என்னது?

இருங்க. இருங்கம்மா. நீங்கதான் மெக்கானிக்கா?

எதிர்சேவை அன்னைக்கா? அன்னைக்கு நீங்க எங்க வீட்டுக்கா வந்தீங்க? அப்ப அந்தத் தீஞ்ச வாடை. பாலு இல்லையா அது. அந்த ஐஸ்.

அந்தத் துளி.

ரெண்டுமே விட்டுருச்சா? ரெண்டுலயும் கேஸ் இல்லையா? அம்புட்டு மாவையும் ஐஸுல எறக்கி வச்சுக்கிட்டு அவ ஒத்தையில உக்காந்திருந்தாளா? நான் உனக்கும் சேத்து கும்பிட்டுட்டு வர்றேன்னு சொல்லிட்டுப் போயிருக்கேன். அவ அழுதாளாம்மா? சொல்லுங்க, பரவாயில்ல. அழுதாளா?

ம்.

ஏன் என்கிட்ட சொல்லல அவ? வருசம் ஒண்ணாகப்போகுது. ஒரு சண்டையில கூட வாயை விடலையே. என்ன சொன்னா உங்ககிட்ட? "வருசத்துக்கு ஒரு நாளுதான் சாமி பாக்கப் போறாரு, சந்தோசமா போயிட்டு வரட்டும்"னாளா? அப்படியா சொன்னா?

அந்தக் கூஜாவை இங்கிட்டுத் தள்ளுங்க. நான் அவளை அடுப்படியில கவனம் பத்தாதவன்னு ஊரெல்லாம் சொல்லிக்கிட்டுத் திரியிறேன். இந்தத் தவசிப் பய, பாத்த ஒடனேயே அவனுக்குப் புரிஞ்சிருக்கு. என்னைய வேர்வைன்னு நம்ப வச்சு, ஒரு வருசமா கடையில உக்காந்து அதையே சொல்ல வச்சிருக்கான். வரட்டும் அவன். இன்னைக்குப் போயி பஞ்சவர்ணத்துக்கிட்ட என்ன சொல்றதுன்னு எனக்குத் தெரியல. பூ வாங்கிட்டுப் போனா சந்தேகப்படுவா. எதையாவது சொல்லணும். சொல்றேன்.

சரி. அது நான் பாத்துக்கறேன். இப்ப நீங்க எனக்கு ஒண்ணே ஒண்ணு மட்டும் சொல்லுங்க. நீங்க போயி பாத்தப்ப எது காலியா இருந்துச்சு, எதுல கொஞ்சமாவது கேஸ் இருந்துச்சு? நான் கேக்குறது புரியுதுல்ல. எது மொதல்ல விட்டுச்சு? அவனுதா, என்னுதா? மறைக்காதீங்க. ராடை சும்மாவே எடுத்துக்கங்க, பில்லு வேணாம், கிழிச்சுட்டேன் பாருங்க. சொல்லுங்க.

அவனுதா? மாடிப்படிக்கு அடியில இருந்ததா? மொதல்ல அதா? நல்லா ஞாபகம் இருக்கா? என்னுது அதுக்கப்புறமும் கொஞ்ச நேரம் தாங்கியிருக்குமா?

நான் சொன்னேன்ல. அன்னைக்கே சொன்னேன்ல. திருகுன்னா திருகுதான்மா. எத்தனை தடவை அந்தப் பயகிட்ட தலைபாடா அடிச்சுக்கிட்டிருக்கேன். அவனுக்கு இது தெரியணும். இப்பவே போன் போடுறேன். மொட்டைக்குத் தேதி பாக்கச் சொல்றேன். நீங்க அவன்கிட்ட ஒரு வார்த்தை சொல்லுங்க, நீங்க கண்ணால பாத்தவங்க, நீங்க சொன்னா…

அவன் ஏற்கெனவே கேட்டானா? எப்ப? திருவிழா முடிஞ்ச மறுநாளேவா? உங்க வீட்டைத் தேடி வந்தானா?

அவன்கிட்ட என்ன சொன்னீங்க?

ஏம்மா, எந்திரிச்சிட்டீங்க? ராடை விட்டுட்டுப் போறீங்க. ஏம்மா சிரிக்கிறீங்க? அவன்கிட்ட என்ன சொன்னீங்க?